சாமி நாளில் விதைத்த கேப்பை

மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத மழை, வந்ததுதான் வந்தது, ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? நியாராய் கடைசிவரை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரிடம் கேட்பது என்று தெரியாததால் அடுப்பிடமும் அரைக்கிற கல்லிடமும் கேட்டாள்.

பிற்பகலில் மலைக்குப் பின்னாலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, ஒரு நாழிகை கொட்டிவிட்டு நின்றுவிட்டது. ஈசல் புற்றைவிட்டுக் கிளம்பியதும் ஊரே கூடையோடு ஓடியது. அன்றைக்கு எல்லா வீட்டிலும் வறுத்த ஈசல் வாசனை. வெகுநாளைக்குப் பிறகு பிள்ளைகள் அழாமல் படுத்தன.

மழைக்கு மறுநாள் மாம்போவின் வயலில் விதைப்பு. ராஜாவான அவர் ஒரு நாள் நடையில், கல்மதிலுக்குள் இருக்கிறார். இந்த ஊரில் பாதிப் பேர் அவரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர் வயலில் குனியாத முதுகு ஒன்றுகூடக் கிடையாது. ஓடையோரத்துக் கறுப்பு மண் அவருக்கு, மேட்டுச் சரளை ஊருக்கு. ராஜா வயலில் விளைவது பஞ்சகாலச் சேமிப்பு, ஊர் உழைத்து ஊரே தின்பது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

அதற்கு அடுத்த நாள் சாமி நாள். ஆறு நாளைக்கு ஒருமுறை வரும். செத்துப்போன பழைய ராஜாக்கள் சிங்கமாகிக் காட்டில் திரிகிறார்கள். அன்று மட்டும் அவர்கள் ஊர் மண்ணில் வந்து படுப்பார்கள், அதனால் மண்ணைக் கிளறக் கூடாது. மழையைக் கையில் வைத்திருப்பவர்களும் அவர்கள்தான்.

ஆக, சொந்த வயலுக்கு மூன்றாம் நாள்தான் போகலாம். மேட்டுச் சரளையில் ஈரம் மூன்று நாள் நிற்காது என்பது சிங்கங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நியாராய்க்குத் தெரியும்.

ராஜா வயலில் பெண்கள் வரிசையாக நின்று கொத்தினார்கள். நியாராய்க்குப் பக்கத்தில் ரேகாய். இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். உப்பு தீர்ந்தால் ஒருத்தி வீட்டில் ஒருத்தி கேட்காமலே எடுத்துக்கொள்வாள்.

"என்ன நியாராய், மண்வெட்டி மெதுவா விழுது? ஈசல் கூடிப்போச்சோ?"

"ஈசலு எங்க? என் நாத்தி வந்து பாதியை அள்ளிட்டுப் போயிட்டா."

"அள்ளாம? அவ மாட்டுலதானே நீ இந்த ஊருக்கு வந்தே. ஈசலோட விட்டாளேன்னு சந்தோசப்படு."

ரேகாய் சொன்னது உள்ளதுதான். நியாராயின் புருஷன் முதேமாவுக்கு ஒரே அக்கா மார்வே. அவளைக் கட்டியவன் வீட்டார் பரிசமாகக் கொடுத்த நாலு மாட்டை ஓட்டிப்போய்க் கொடுத்துத்தான் முதேமா நியாராயைக் கட்டினான். அதனால் அந்த வீட்டு அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பதுவரை மார்வேக்குப் பாத்தியதை உண்டு.

வரிசைக்குப் பின்னால் களஞ்சியக்காரர் ஷோனிவா மாட்டுவால் விசிறியை வீசிக்கொண்டு நடந்தார். ஊரில் விலா எலும்பு தெரியாத ஒரே மனுஷர் அவர்தான்.

"வாய் ஓடுற அளவுக்குக் கையும் ஓடணும் தாயி. ராஜா வயல் நம்ம வயல்."

அவர் தாண்டிப்போனதும் ரேகாய் சொன்னாள்: "கொத்தும்போது நம்ம வயல். அறுக்கும்போது ராஜா வயல்."

உச்சிப்பொழுதில் ஆண்களுக்குக் கேப்பையில் வடித்த கள் வந்தது, பெண்களுக்குத் தண்ணீர் வந்தது. மார்வே நியாராயைத் தனியே கூப்பிட்டாள்.

"வெதை எவ்வளவு கெடக்கு?"

"ஒரு பானை மதினி. நாலு மாசமா வேரும் புழுவும் தின்னுட்டு அதைத் தொடாம வச்சிருக்கேன்."

"மொளைக்கலைன்னா?"

"மொளைக்கும்."

"மொளைச்சா நல்லது. ஷோனிவா மறுபடியும் கேட்டாரு. மைதேய்க்கு மூணு கூடை கேப்பை தாராராம்."

மைதேய் நியாராயின் மகள். ஒன்பது வயசு. ஷோனிவாவுக்கு ஏற்கெனவே வீட்டில் இரண்டு பெண்சாதிகள். பஞ்சத்தில் தானியம் வாங்கிக்கொண்டு பெண்பிள்ளையை இப்படி ஒப்புக்கொடுப்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. போகிற பிள்ளை அந்த வீட்டில் வேலை செய்து வளரும், ஆளானதும் அந்த ஆளுக்கே பெண்சாதியாகும்.

"பால்பல்லு இன்னும் முழுசா விழலை மதினி அவளுக்கு."

"அதுக்குள்ள அவரு என்ன கடிச்சா திங்கப்போறாரு? தண்ணி சுமப்பா, சாணி அள்ளுவா, மூணு வேளை திம்பா. இங்க இருந்தா என்ன திம்பா? உன் இடுப்புல இருக்கானே சின்னவன், அவன் காலைப் பாரு. குச்சி."

"வயலு வெளைஞ்சா?"

"வெளைஞ்சா நான் ஏன்டி கேக்கப்போறேன்? நான் என்ன பிசாசா? என் தம்பி மக அவ. வெளைஞ்சா அவ உங்கிட்டயே இருக்கட்டும்."

மார்வே அதை மனசாரத்தான் சொன்னாள். மறுநாள் காற்று அடிக்கத் தொடங்கியது.

சாமி நாளன்று விடிந்ததிலிருந்தே வறண்ட காற்று. நியாராய் வயலுக்குப் போய் மண்ணுக்குள் விரலைவிட்டுப் பார்த்தாள். இரண்டாவது கணுவரை ஈரம். காலைக்கஞ்சி என்ற பெயரில் கிழங்குத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் பார்த்தபோது ஈரம் இறங்கிவிட்டிருந்தது. வயலை மழைக்கு முன்னாலேயே கொத்திப் போட்டிருந்தாள். தூவி, முள்ளை இழுத்து மூட வேண்டியதுதான் பாக்கி.

"மைதேய் அப்பா, நாளைக்கு அங்க புழுதிதான் இருக்கும்."

முதேமா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நல்லவன். ஊரில் யாரோடும் சண்டை கிடையாது. அப்படிப்பட்டவனோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் அதிலுள்ள கஷ்டம் தெரியும்.

"எல்லாருக்கும்தானே புழுதி?"

"எல்லாரும் மகளையா குடுக்கப்போறாங்க?"

"சாமி நாளும்மா."

"சாமிக்குக் கண்ணிருந்தா நேத்தைக்கே நம்மளை விதைக்க விட்டிருக்கணும்."

"வாயை மூடு. காத்துல போய்ச் சேந்திரும்." கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தான். "மழை மரத்தடியில சாமிக்குக் கள்ளு ஊத்துறாங்க. நான் போகணும். ஊரோட ஒட்டியிருந்தாத்தான் நமக்கு மரியாதை."

ஆண்கள் எல்லோரும் மழை மரத்தடிக்குப் போய்விட்டார்கள். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். வெயில் உச்சியில் நின்றது. நியாராய் சின்னவனை முதுகில் கட்டிக்கொண்டு, பானையைத் துணியால் மூடி மைதேயிடம் கொடுத்தாள்.

மண்வெட்டியை எடுக்கவில்லை. அதை யோசித்துத்தான் செய்தாள். இரும்பு பட்டால்தான் சிங்கத்தின் முதுகில் வெட்டுவிழும் என்று அவள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள். விரல் இரும்பு இல்லை. முள்கிளையும் இரும்பு இல்லை. நடந்துபோகிற ஒருத்தி கையிலிருந்து தானியம் சிந்தினால் அது குற்றமா? காற்று ஒரு கிளையை இழுத்துக்கொண்டு போனால் யாராவது காற்றைக் கேட்பார்களா? இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூவினாள்.

"அம்மா, சாமி பாக்காதா?"

"சாமி கள்ளு குடிக்கப் போயிருக்கு. கிளையை அழுத்தி இழு."

மைதேய் சிரித்துவிட்டாள். சரளையில் முள் கீறிக் காலில் ரத்தம் வந்தும் ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுத்தாள். வெயில் சாய்வதற்குள் வேலை முடிந்தது.

மூன்றாம் நாள் ஊரே மேட்டுக்கு வந்து விதைத்தது. நியாராயும் வெறும் பானையோடு வந்து வெறும் கையை வீசிவிட்டுப் போனாள். மற்றவர்கள் வீசிய விதை புழுதிக்குள் விழுந்தது. எறும்பு கொஞ்சம் இழுத்தது, கௌதாரி கொஞ்சம் பொறுக்கியது, மிச்சம் வெயிலில் வறுபட்டது. மழை அப்புறம் வரவில்லை.

ஏழாம் நாள் நியாராயின் வயல் முளைத்தது.

அவள் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. முளைக்க வேண்டும், முளைக்க வேண்டும் என்றுதான் கிடந்தாளே தவிர, சுற்றிலும் ஒன்றும் முளைக்காமல் தன்னுடையது மட்டும் முளைத்தால் என்னவாகும் என்று புத்தியில் ஓடவில்லை. சாம்பல் நிற மேட்டில் அவள் துண்டு மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. திருடியவள் பொருளை ஒளிக்கலாம், பயிரை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? பிடுங்கிப்போட அவளால் முடியவில்லை. பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது.

முதலில் பார்த்தவள் ரேகாய். வரப்பில் வெகுநேரம் நின்றாள்.

"எப்ப வெதைச்சே?"

நியாராய் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நானும் வந்திருப்பேனே." ரேகாய் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் அன்னைக்குத் தோணுச்சு. கதவைச் சாத்திக்கிட்டு, பானையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். பயந்து கெடந்தேன்டி. பயந்தவளுக்கு என்ன கெடச்சுது பாரு, மண்ணு."

அவள் அழுதுகொண்டே ஊருக்குள் போனாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

மழை மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். சாமியாடி கறுப்புத்துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாதாரண நாளில் பல்வலிக்காரர், பேசவே சலித்துக்கொள்வார். சிங்கம் இறங்கியதும் உறுமல் அடிவயிற்றிலிருந்து வந்தது. ஆண்கள் உள்ளங்கையைக் குவித்துக் கைதட்டி வரவேற்றார்கள்.

"என் முதுகுல நடந்தவ எவ?"

நியாராயை முன்னே தள்ளினார்கள். அவள் மண்டியிட்டுக் கைதட்டினாள்.

"சாமி, நாந்தான். இரும்பு படலை. விரலுதான் பட்டுச்சு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. விரலுக்கு மன்னிப்பு உண்டா என்று ஒரு கிழவர் கேட்டார். பூனை விரலால்தானே கோழியைப் பிடிக்கிறது என்றார் இன்னொருவர். ஒருத்தன், "முள்ளை இழுத்திருக்காளே, அது என்ன தடவிக்குடுக்கவா?" என்றான். சிரித்துவிட்டார்கள். அது பசித்த கூட்டத்தின் சிரிப்பு.

ரேகாயைச் சாட்சி கேட்டார்கள். அவள் நியாராயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அவளுது பச்சையா இருக்கு. என்னுது பொட்டலா இருக்கு. சாமி சொன்னபடி நின்னவ நானு. அதுக்குமேல எனக்குச் சொல்லத் தெரியலை."

அவ்வளவுதான். மழை ஏன் திரும்ப வரவில்லை என்று ஏழு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஊருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பிடுங்கு, தீயை வை என்று நாலாபக்கமும் குரல் வந்தது. அப்போது ஷோனிவா எழுந்து, சாமியாடியின் பக்கம் கைதட்டிப் பணிந்தார்.

"பச்சைப் பயிரைப் புடுங்குறது பாவம் சாமி. உன் முதுகுல மொளைச்சது உனக்குச் சேரட்டும். உன் சோறு எப்பவும் எங்க இருக்கும்? ராஜா களஞ்சியத்துல இருக்கும். வெதைச்சவளே காவல் காத்து, களையெடுத்து, அறுத்துக் கொண்டாந்து போடட்டும். ஒரு கதிரு குறையக் கூடாது. மாடு கீடு தண்டமெல்லாம் வேணாம், பாவம், இல்லாத வீடு."

சிங்கம் உறுமி ஒத்துக்கொண்டது. எவ்வளவு இரக்கமுள்ள மனுஷர் என்று ஊரே ஷோனிவாவைப் புகழ்ந்தது. அதிகமாகக் கைதட்டியவன் முதேமா. தண்டமாட்டிலிருந்து தப்பித்தோம் என்ற நிம்மதியில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நியாராய் அந்தப் பயிரை வளர்த்தாள். இதை எப்படிச் சொல்வது? தன் வயலில், தன் விதையில் முளைத்த ஊரான் பயிரை வளர்த்தாள். ராப்பனியைக் குடித்தே அது சாகாமல் தாக்குப்பிடித்தது. ஒரு மாதம் கழித்து மழை வந்தது. வேண்டிய மட்டும் வந்தது. அப்போது யாரிடமும் விதை இல்லை. எல்லாருடைய வயலிலும் களை இடுப்புயரம் வளர்ந்தது. ராஜா வயலும் அவள் துண்டும் மட்டும் கதிர் வாங்கின.

பரண் கட்டி, விடிந்தது முதல் அடைகிறவரை தாயும் மகளும் குருவி விரட்டினார்கள். கதிர் பால் பிடித்த நாளில் மைதேய் ஒன்றை ஒடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்ததை நியாராய் பார்த்துவிட்டாள். ஓடிப்போய்க் கன்னத்தில் அறைந்தாள். கதிர் தெறித்துக் கீழே விழுந்தது.

"எண்ணுவாங்கடி! தாளை எண்ணுவாங்க!"

"குருவி தின்னுச்சுன்னு சொல்லலாம்லம்மா."

குருவியாகப் பிறந்திருந்தால் இரண்டு வாயாவது தின்றிருக்கலாம். அறைந்த கையால் மகளைக் கட்டிக்கொண்டு, கீழே கிடந்த கதிரைத் தேடி எடுத்து மடியில் முடிந்துகொண்டாள், அதையும் களத்தில் சேர்ப்பதற்கு.

அறுத்து, அடித்து, புடைத்து, தாயும் மகளும் தலையில் சுமந்து களஞ்சியத்தில் கொட்டினார்கள். கொட்டி முடிந்ததும் ஷோனிவா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். "நல்ல கைராசி தாயி உனக்கு," என்றார். நிஜமாகவே சொன்னார். களஞ்சியக்காரருக்குப் பத்தில் ஒன்று என்பது பழைய முறை. அதற்கு மேல் ஒரு மணி அவர் எடுத்ததில்லை, அந்தப் பெயர் அவருக்கு உண்டு.

ஊர் களஞ்சியம் திறக்கக் காத்திருந்தது. அதற்குள் கல்மதிலிலிருந்து ஆள் வந்தது. புது மதில் எழும்புகிறதாம், கல் அடுக்குகிறவர்களுக்குச் சோறு வேண்டும். கடற்கரையிலிருந்து துணிக்காரர்கள் வந்து தங்கியிருக்கிறார்களாம், அவர்களுக்கும் அவர்கள் சரக்கைச் சுமந்து வந்தவர்களுக்கும் சோறு வேண்டும். வரிசை வரிசையாகச் சுமைகாரர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். மிஞ்சியது வீட்டுக்கு ஒரு சட்டி வந்தது. பெரியவர்கள் அதற்கும் கைதட்டி நன்றி சொன்னார்கள். அந்தச் சட்டி பத்து நாள் தாங்கவில்லை. சின்னவனுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது.

மார்வே வந்து தம்பியோடு வாசலில் உட்கார்ந்தாள். நியாராய் உள்ளே இருந்தாள்.

"உள்ள இருக்கவளுக்குக் கேக்கட்டும். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். வெளைஞ்சா கேக்க மாட்டேன்னு சொன்னேன்."

"வெளைஞ்சுது மதினி," என்றாள் நியாராய் உள்ளேயிருந்து.

"யாருக்கு வெளைஞ்சுது?"

முதேமா தலையைக் குனிந்துகொண்டு தரையில் கோடு கிழித்தான். "நான் என்ன செய்ய? நீயே சொல்லு, மைதேய் அம்மா, நான் என்ன செய்ய?" என்றான். அவள் சின்னவனின் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது.

"வரச்சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் காலையில் ஷோனிவா இரண்டு ஆட்களோடு மூன்று கூடை கேப்பை கொண்டுவந்தார். கூடையை இறக்கியதும் மைதேய் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு கண்ட தானியம். யாரும் சொல்லாமலே மண்டியிட்டு, கையைக் குவித்து, பெண்பிள்ளைகள் தட்டுகிற விதமாகத் தட்டி அவருக்கு நன்றி சொன்னாள்.

ஷோனிவா மனம் குளிர்ந்துபோனார். "நல்லா வளத்திருக்கே தாயி. என் வீட்டுப் புள்ளைகளுக்கு இந்தப் பணிவு இல்லை," என்றார். "இதுல ரெண்டு கூடை உன் வயலுதுதான். நல்ல தெரட்சி. அதனாலதான் பாத்து எடுத்தாந்தேன், கல்லு மண்ணு இருக்காது."

நியாராயும் மண்டியிட்டாள். தானியம் வாங்கினவள் தட்டாமல் இருக்க முடியாது. தட்டினாள்.

மார்வே மைதேயின் கையைப் பிடித்தாள். "வா, மாமா கூடப் போகணும். பாயைச் சுருட்டிக்கோ."

பிள்ளைக்கு அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. அம்மாவைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். அழவில்லை.

"களி கிண்டப்போறியாம்மா? தின்னுட்டுப் போறேனே."

"அங்க போய்த் திங்கலாம்," என்றாள் மார்வே. "வெயிலு ஏறிரும்."

மைதேய் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஷோனிவாவின் ஆட்களுக்குப் பின்னால் நடந்தாள். களஞ்சியத்து மேட்டில் ஏறும்வரை நியாராய் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏதும் சொல்லி அனுப்பவில்லை. என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

சின்னவன் கூடையைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினான். நியாராய் உள்ளே போய்க் கல்லில் உட்கார்ந்தாள். அரைத்தாள். உலை வைத்தாள், கிண்டினாள். வருஷக்கணக்காகத் தண்ணியாகவே ஓடிய களி அன்றைக்குத் துடுப்பு நிற்கிற மாதிரி கெட்டியாக வந்தது. முதேமா தின்றான். சின்னவன் நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றான். மார்வேக்கும் ஒரு பங்கு வைத்தாள்.

சாப்பிடக் கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த நியாராய் ஒரு உருண்டையைப் பிட்டு வாயில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது உருண்டையும் எடுத்துக்கொண்டாள்.